ஏசியின் உள் மோட்டர் மாற்ற எவ்வளவு முடியும்? திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வெளியே இருக்கும் பெட்டி இரைகிறது. ரிமோட்டில் 24 காட்டுகிறது. அறைக்குள் மட்டும் காற்று வரவில்லை, வந்தாலும் முனகலோடு வருகிறது. யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "புளோவர் மோட்டர் போயிட்டு, மாத்தவேணும்." உடனே நம் வாயில் வருவது, "எவ்வளவு முடியும்?"

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிந்திக் கேளுங்கள். முதலில் கேட்கவேண்டியது "மோட்டர்தானா?" என்பது. காற்று நின்றுபோக ஐந்தாறு காரணங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு ஒரு சதமும் தேவையில்லை, சிலவற்றுக்கு ஒரு சின்ன உதிரிப்பாகத்தின் விலைதான். மோட்டரே போனாலும், எந்த வகை மோட்டர் என்பதைப் பொறுத்துத் தொகை பல மடங்கு வேறுபடும். முதன்முதலாக வீட்டில் ஏசி பூட்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழகியவர்கள் பில் பற்றிய பகுதிக்கு நேரே போகலாம்.

முதல் வேலை: நிறுத்துங்கள்

காற்று வராத ஏசியை "கொஞ்சமாவது குளிருது" என்று ஓடவிடுகிறவர்கள் நிறையப்பேர். செலவு கூடுவது அங்கேதான். உள்ளே விசிறி சுற்றாவிட்டால் கொயிலில் (உள்ளே குளிரும் குழாய்த் தொகுதியில்) ஐஸ் கட்டும். குளிரவைக்கும் காஸ் ஆவியாகாமல் திரவமாகவே குழாய்வழியே கம்ப்ரசருக்கு (வெளிப் பெட்டியில் காஸை அமுக்கும் இயந்திரத்துக்கு) திரும்பிப் போகும். கம்ப்ரசர் அடிபட்டால் அந்தச் செலவுக்குப் பக்கத்தில் மோட்டர் விலை ஒன்றுமே இல்லை. ஆகவே ரிமோட்டில் மட்டுமல்ல, பிரேக்கரிலும் நிறுத்துங்கள். ஐஸ் கட்டியிருந்தால் தானாகக் கரையட்டும். கத்தியால் சுரண்டப் போகாதீர்கள், கொயில் ஓட்டையாகிவிடும். கீழே கட்டில் இருந்தால் அதைத் தள்ளிவையுங்கள், தண்ணீர் கொட்டும்.

நிறுத்துவதற்கு முன் ஒன்று செய்யவேண்டும். முகப்பில் ஏதாவது எழுத்தோ இலக்கமோ மின்னினால் போனில் படம் எடுங்கள். உள் விசிறிக் கோளாறுக்கு ஒவ்வொரு கம்பனியும் ஒரு குறியீடு வைத்திருக்கிறது. கிரீ ஏசிகளில் எச் 6, பனசோனிக்கில் எச் 19, டைக்கினில் ஏ 6, எல்ஜி இன்வேர்ட்டரில் (கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வகை) சிஎச் 10. சிலவற்றில் எழுத்து இல்லாமல் ஒரு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னும். அப்படியானால் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணுங்கள், அல்லது வீடியோ எடுங்கள். ஏசி திருத்துகிறவருக்கு இதை வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் குறியீடு "விசிறி சுற்றவில்லை" என்று மட்டும்தான் சொல்கிறது. மோட்டர் போனதா, போர்ட் (ஏசியைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகை) போனதா, ஒரு வயர் கழன்றதா என்று அது சொல்லாது.

எந்த மோட்டர்?

நம் வீடுகளில் சுவரில் பூட்டும் ஸ்பிளிட் ஏசியில், கம்ப்ரசரை விட்டுப் பார்த்தால், பொதுவாக மூன்று இடங்களில் மோட்டர் இருக்கும். உள்ளே காற்றைத் தள்ளும் புளோவர் மோட்டர். அதே பெட்டியில், காற்று போகும் பக்கத்தைத் திருப்பும் தகட்டை ஆட்டுகிற சின்ன சுவிங் மோட்டர். வெளிப் பெட்டியின் பெரிய விசிறியைச் சுற்றும் மோட்டர். "பேன் மோட்டர்" என்று போனில் சொன்னால் இதில் எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பேரிடம் விலை கேட்டு, ஒருவர் உள் மோட்டருக்கும் மற்றவர் வெளி மோட்டருக்கும் சொல்லிவிட்டால், "அவர் கள்ளன், இவர் நல்லவர்" என்று நாம் முடிவுகட்டிவிடுவோம்.

தகடு ஆடாமல் நின்று, காற்று நன்றாக வந்தால் அது சுவிங் மோட்டர். மலிவான பொருள், அவசரமும் இல்லை. உள்ளே காற்று வருகிறது ஆனால் குளிரவில்லை, வெளி விசிறி சுற்றவில்லை என்றால் அது வெளி மோட்டர். திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி என்று கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று வெளிப் பெட்டியைத்தான் முதலில் தின்னும். ஆகவே இந்தப் பக்கத்தில் "பேன் மோட்டர் போயிட்டு" என்றால் உள்ளேயா வெளியேயா என்று கட்டாயம் கேளுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

எல்லாவற்றையும் பிரேக்கரை நிறுத்தியபிறகு செய்யுங்கள். சுவரில் ஏசிக்கென்று தனிச் சுவிட்ச் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

முன் மூடியைத் தூக்கி இரண்டு பில்டரையும் கழற்றுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் பைப்பில் கழுவி, நிழலில் காயவைத்துப் பூட்டிப் பாருங்கள். பில்டர் அடைத்தாலும் காற்று குறையும், ஐஸும் கட்டும். "மோட்டர் போனது" என்று கூப்பிட்ட இடத்தில் பில்டர் மட்டும் கழுவிக் கொடுத்துவிட்டு, வந்த காசை வாங்கிக்கொண்டு போவது திருத்துகிறவர்களுக்குப் பழகிய விடயம்.

அடுத்து, காற்று வரும் வாய் வழியாக டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். நீளமான உருளை ஒன்று தெரியும், அதுதான் காற்றைத் தள்ளும் சில்லு. அதன் இதழ்களில் கறுப்பாகப் படிந்திருந்தால் இதழ் வடிவமே மாறிவிடும். மோட்டர் முழு வேகத்தில் சுற்றினாலும் காற்று வராது. சாமியறைக்குப் பக்கத்தில், அல்லது சமையல் புகை போகும் அறையில் ஏசி வைத்தவர்கள் இதை அதிகம் பார்ப்பார்கள். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் புகையும் தூசியோடு சேர்ந்தால் களி மாதிரி ஒட்டும். இதற்கு நல்ல ஒரு சேர்விஸ் போதும்.

மெல்லிய மரக்குச்சியோ பென்சிலோ கொண்டு அந்த உருளையை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றி மெல்ல நின்றால் இறுக்கம் இல்லை. கடினமாக இருந்தால், ஒரு இடத்தில் உரசினால், பெயாரிங்தான் சந்தேகம். பெரும்பாலான ஏசிகளில் மோட்டர் வலது பக்கம், போர்ட் பெட்டியை ஒட்டி இருக்கும். உருளையின் இடது முனையை ஒரு றப்பர் புஷ் தாங்கும். சத்தம் இடப்பக்கம் இருந்து வந்தால் அந்தப் புஷ் காய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றலாம், மோட்டரைத் தொடத் தேவையில்லை. இந்த ஒரு விடயத்தைத் தெரிந்துவைத்திருந்தால் ஒரு மோட்டர் விலை மிஞ்ச வாய்ப்பு உண்டு.

இதற்குமேல் நீங்கள் போகாதீர்கள். மூடியைக் கழற்றி போர்ட்டைத் தொடுவது, மீட்டர் வைப்பது எல்லாம் பழகியவர் வேலை. இன்வேர்ட்டர் ஏசியின் உள் மோட்டருக்குப் போவது ஏறத்தாழ 310 வோல்ட் டிசி (நேர்மின்). நிறுத்திய பிறகும் போர்ட்டில் கொஞ்ச நேரம் மின் தங்கியிருக்கும்.

இரண்டு வகை மோட்டர், இரண்டு வகைச் செலவு

பழைய, இன்வேர்ட்டர் இல்லாத ஏசிகளில் பெரும்பாலும் 230 வோல்ட்டில் ஓடும் சாதாரண ஏசி மோட்டர் (இங்கே ஏசி என்றால் வீட்டுக்கு வரும் மாறுமின்). அதற்கு ஒரு கப்பாசிட்டர் இருக்கும். வழமையாக 1 முதல் 2.5 மைக்ரோ ஃபரட் வரை, போர்ட்டிலேயே பூட்டியிருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. மோட்டர் இரைந்துகொண்டு சுற்றாமல் நின்றால், அல்லது மெதுவாக மட்டும் சுற்றினால், முதலில் மாற்றிப் பார்க்கவேண்டியது இதைத்தான். எல்லாவற்றிலும் மலிவான பாகம் இது. ரிமோட்டில் எந்த வேகம் வைத்தாலும் விசிறி ஒரே வேகத்தில் ஓடினால், நிறுத்தியும் நிற்காவிட்டால், போர்ட்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் போயிருக்கும். மோட்டர் பாவம், அதற்கு ஒன்றும் நடக்கவில்லை.

இன்வேர்ட்டர் ஏசிகளில் பெரும்பாலும் டிசி மோட்டர். ஐந்து வயர் வந்து ஒரே பிளக்கில் சேரும். மோட்டருக்குள்ளேயே ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது. கோளாறு வந்தால் அநேகமாக உருளை ஓரிரு தரம் துடித்துவிட்டு நிற்கும், பிறகு குறியீடு மின்னும். இதில்தான் மோட்டரா போர்ட்டா என்ற குழப்பம் பெரிது. போர்ட் கொடுக்கவேண்டிய மின் அழுத்தங்களைக் கொடுக்கிறதா, மோட்டர் தன் வேகத்தைத் திருப்பிச் சொல்கிறதா என்று மீட்டரில் பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும். பார்க்காமல் "ரெண்டையும் மாத்துவம்" என்றால் பில் இரட்டிக்கும். இந்த மோட்டர் மற்றதைவிட விலை கூடியது. சில மொடல்களில் போர்ட் அதையும் மிஞ்சும்.

ஒருவர் தெரிந்தவரா என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. டிசி மோட்டரின் பிளக்கை மின் ஓடும்போது கழற்றவோ பூட்டவோ கூடாது, மோட்டரின் உள்ளே இருக்கும் சுற்று எரிந்துவிடும். தெரிந்தவர் நிறுத்தி, கொஞ்சநேரம் பார்த்துத்தான் கழற்றுவார். கதைத்தபடி சடக்கென்று இழுப்பவரை நிறுத்திவிடுங்கள்.

ஆளைக் கூப்பிடுவது

வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "10 வருட வாரண்டி" என்று கடையில் சொன்னது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். மற்ற உதிரிப்பாகங்களுக்கு அது மிகக் குறைந்த காலம். கார்டை எடுத்து வாசியுங்கள், மோட்டர் அந்தக் காலத்துக்குள் வந்தால் கம்பனியின் சேர்விஸுக்குத்தான் சொல்லவேண்டும். வெளி ஆள் திறந்தால் வாரண்டி போய்விடும்.

வாரண்டி முடிந்திருந்தால் நகரத்துக்குள் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. கஷ்டம் காலத்தில்தான். சித்திரை முதல் ஆவணி வரை கச்சான் வீசி ஊரே கொதிக்கும்போது எல்லா வீட்டு ஏசியும் ஒன்றாக ஓடும், ஒன்றாகப் பழுதாகும். அதே மாதங்கள்தான் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கும் உல்லாசப் பயணிகள் காலம். கைதேர்ந்தவர்கள் ஹோட்டல் வேலையில் இருப்பார்கள். வீட்டுக்கு வர நாள் எடுக்கும், கூலியும் இறங்காது. சின்னச் சத்தம் மாசி பங்குனியில் கேட்டால் அப்போதே பார்த்துவிடுங்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்தவர்கள் பயணச் செலவையும் கேட்டு வையுங்கள். பக்கத்து வீட்டிலும் ஏசி இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கச் சொன்னால் அந்தச் செலவு பாதியாகும்.

போனில் இப்படிக் கேட்டால் போதும்:

"தம்பி, இன்வேர்ட்டர் ஏசி, 12,000 பிடியூ, உள்ளுக்கு விசிறி சுத்தேல்ல. கோட் படம் அனுப்பியிருக்கிறன். வந்து பாக்க எவ்வளவு? வேலைய உங்களிட்டையே தந்தா அத கழிப்பீங்களா?"

பிடியூ என்பது ஏசியின் குளிரூட்டும் வலு. கடைசிக் கேள்விதான் முக்கியம். பலர் வந்து பார்க்கும் காசை, வேலை தந்தால் கழித்துவிடுவார்கள். கேட்காவிட்டால் கழிக்கமாட்டார்கள்.

பில்லில் என்ன இருக்கவேண்டும்

ரூபாயில் ஒரு தொகையை இங்கே எழுதி வைப்பது உங்களுக்கு உதவாது. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. ஏசி உதிரிப்பாகங்கள் எல்லாம் இறக்குமதி. அந்த வருடத்துக்கு முன் யாராவது மாற்றிய விலையை "அன்றைக்கு இவ்வளவுதானே முடிஞ்சது" என்று இன்றைக்குச் சொல்லிப் பேரம் பேசுவதில் பயனில்லை. விலையை எப்படிப் பிரித்துக் கேட்பது என்பதைத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

பார்க்க வந்த காசு, மோட்டர் விலை, வேலைக் கூலி, பாகம் வரவழைத்த செலவு என்று நான்காகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்பவரிடம் "மோட்டர் மட்டும் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த விலையைக் கொழும்பில் ஒரு உதிரிப்பாகக் கடைக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பி நீங்களே ஒப்பிடலாம். திருகோணமலையில் எல்லா மொடல் மோட்டரும் கையிருப்பில் இருக்காது. கொழும்பிலிருந்து கூரியரிலோ இரவு பஸ்ஸிலோ வரும். அந்தச் செலவு நியாயமானது, ஆனால் அது மோட்டர் விலைக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. பதிவு செய்த கடை என்றால் 18 வீத வற் சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்றும் கேட்கவேண்டும். 2024 தைமாதம் முதல் அதுதான் வீதம். பெரிய தொகையில் இந்த ஒரு கேள்வி நல்ல வித்தியாசம் காட்டும்.

வேலைக் கூலியைப் பற்றி: மோட்டரை எடுக்க உள்பெட்டியின் மூடி, போர்ட் பெட்டி, தண்ணீர்த் தட்டு எல்லாம் கழரவேண்டும். சேர்விஸ் செய்யவும் ஏறத்தாழ அதே கழற்றல்தான். ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்காதீர்கள். "உருளையையும் கொயிலையும் கழுவித் தாங்கோ, கொஞ்சம் சேர்த்துத் தாறன்" என்று முன்கூட்டியே பேசுங்கள். உருளை கழன்று வெளியே வரும் நாள் இது ஒன்றுதான். வழமையான சேர்விஸில் அதை இவ்வளவு சுத்தமாகக் கழுவ முடியாது.

பில்லில் "காஸ்" என்று ஒரு வரி இருந்தால் அங்கே நில்லுங்கள். புளோவர் மோட்டர் மாற்ற காஸ் குழாயைத் திறக்கத் தேவையில்லை. சில மொடல்களில் கொயிலை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி மோட்டரை உருவவேண்டி வரும், அப்போதும் குழாய் கழராது. காஸ் குறைந்திருந்தால் அது தனி நோய். எங்கே கசிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். கொயிலைத் தூக்கும்போது குழாயை வளைத்து வெடிக்கவைத்துவிட்டு காஸ் கேட்டால், அது உங்கள் செலவு இல்லை.

எந்த மோட்டர் வாங்குவது

கம்பனி மோட்டர், அதற்குப் பொருந்தும் வேறு தயாரிப்பு, கழித்த ஏசியிலிருந்து எடுத்தது என்று மூன்று தெரிவு. பழைய வகை மாறுமின் மோட்டருக்குப் பொருந்தும் தயாரிப்பு நல்லதாகக் கிடைத்தால் தயங்கத் தேவையில்லை. டிசி மோட்டருக்கு அந்தத் துணிச்சல் எனக்கு வராது. பிளக் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருந்தால் போர்ட்டும் சேர்ந்து எரியும். அதற்குப் பாக இலக்கம் ஒத்த மோட்டர்தான். கழித்த ஏசியிலிருந்து எடுத்ததும் இலக்கம் ஒத்தால் பரவாயில்லை, விலை பாதிக்கும் குறைவாக இருந்தால் மட்டும்.

தண்ணீர்ப் பம்ப் மோட்டருக்கு மாதிரி வயர் சுற்றிக் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். இரும்புக் கவசம் போட்ட மிகப் பழைய மோட்டருக்குச் சுற்றலாம். இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் வார்ப்புக்குள் அடைத்தவை, பிரித்தால் உடையும். டிசி மோட்டருக்குச் சுற்றும் பேச்சே இல்லை.

ஓடர் கொடுக்குமுன் இரண்டு ஸ்டிக்கரைப் படம் எடுங்கள்: உள்பெட்டியின் பக்கத்தில் ஒட்டிய மொடல் ஸ்டிக்கர், மோட்டரின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கர். வோல்ட், வொட், சுற்றும் திசை, பாக இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். தண்டின் நீளமும் பிளக்கின் வடிவமும் பொருந்தவேண்டும். பழைய மோட்டரைப் பார்க்காமல், "12,000 ஏசிக்கு" என்று மட்டும் சொல்லி முற்பணம் கட்டினால் தவறான மோட்டர் வந்துசேர வாய்ப்பு அதிகம்.

மாற்றுவதா, புது ஏசியா

புது ஏசியின் இன்றைய விலையைப் பூட்டுக்கூலியோடு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டர் மாற்றும் மொத்தச் செலவு 20க்குள் வந்து, கம்ப்ரசர் நன்றாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். 40ஐத் தாண்டினால், அதாவது போர்ட்டும் சேர்ந்தால், ஏசியும் எட்டொன்பது வருடம் பழசு என்றால், விட்டுவிடலாம். இடையில் வந்தால் வெளிப் பெட்டியைப் போய்ப் பாருங்கள். கடற்காற்றில் அதன் அடித்தகடு இற்று, கொயிலின் தகடுகள் கையில் உதிர்ந்தால், உள்ளே புது மோட்டர் போட்டுப் பயனில்லை. பாலையூற்று, லிங்கநகர் பக்கம் அதே வயது ஏசியின் வெளிப் பெட்டி கடற்கரை வீட்டினதைவிட நன்றாக இருக்கக்கூடும். ஆகவே வயதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆர் 22 காஸ் ஓடும் ஏசியானால் என் வாக்கு புது ஏசிக்கு. உலக உடன்படிக்கைப்படி அந்தக் காஸின் பாவனை 2030க்குள் ஏறத்தாழ நின்றுவிடும். அடுத்த கசிவுக்கு வாங்கி அடிப்பது வரவரக் கடினமாகும்.

வேலை நடக்கும் நாள்

கூட நில்லுங்கள். பழைய மோட்டரை உங்களிடம் தரச் சொல்லுங்கள். போர்ட் பெட்டி திறந்திருக்கும்போது உள்ளே பல்லி, எறும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போர்ட்டில் காய்ந்து கிடக்கும் ஒரு பல்லியால் எத்தனையோ "மோட்டர் கோளாறு" வந்திருக்கிறது. வயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிடச் சொல்லுங்கள்.

பூட்டி முடிந்ததும் காசைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரமாவது ஓடவிடுங்கள். குறைந்த வேகம், நடு வேகம், கூடிய வேகம் என்று மூன்றிலும் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் காதுக்குக் கேட்கவேண்டும். உரசல் சத்தம், பெட்டி அதிர்வு இருக்கக்கூடாது. உருளையைத் தண்டில் இறுக்கும் ஆணி சரியாக இறுகாவிட்டால் இடையிடையே தட்டும் சத்தம் வரும். தண்ணீர்த் தட்டைத் திரும்பப் பூட்டியதால் சுவர்வழியே கசிகிறதா என்று பாருங்கள்.

பற்றுச்சீட்டில் மோட்டரின் பாக இலக்கமும் எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் எழுதியிருக்கவேண்டும். வாய்ச்சொல் உத்தரவாதம் பிறகு எடுபடாது. கடை பற்றுச்சீட்டுத் தர மறுத்தால், எழுதித் தந்த உத்தரவாதத்தை மீறினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் ஏசியின் பிரேக்கரை நிறுத்திவிடுங்கள். டிசி மோட்டரும் போர்ட்டும் மின்னலின் மின் உதைப்பைத் தாங்கமாட்டா. ஏசிக்கு மட்டும் ஒரு மின்னல் தடுப்புச் சாதனம் பூட்டுவதானால், மோட்டர் மாற்ற வந்தவரையே அன்றைக்கே பூட்டச் சொல்லுங்கள், இரண்டாம் தரம் வரும் காசு மிஞ்சும்.